அரசர் இருக்கட்டும், அடுப்படி எங்கே?

நாஞ்சில்தேவி · ஞாயிறு, இரவு 9:42

பரீட்சை லீவில் பிள்ளைகள் ரெண்டு பேரையும் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். தக்கலை எங்களுக்குப் பக்கம்தான், ஆனாலும் நானே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போனதோடு சரி. (திங்கள்கிழமை அடைப்பு. அது தெரியாமல் ஒரு தடவை போய்க் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.)

செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் காலை வைத்ததும் சில்லென்று இருந்தது. சின்னவனுக்கு அதுவரைக்கும்தான் சந்தோஷம். மந்திரசாலை, மார்த்தாண்ட வர்மா, 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது என்று வழிகாட்டி அம்மா மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இவன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான்.

ஊட்டுப்புரைக்குள் நுழைந்ததும் முழித்துக்கொண்டான். நீள நீளமாக ரெண்டு மாடி. கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். ஓரத்தில் அவன் உயரத்துக்கு ஊறுகாய் ஜாடி. "ரெண்டாயிரம் பேர் சாப்பிட்டா பாத்திரம் யாரு கழுவுவா?" என்றான். வழிகாட்டி அம்மா சிரித்துவிட்டு, "எல்லாரும் இலையிலதான் சாப்பிட்டாங்க மோனே" என்றார். "அப்போ இலையை யாரு எடுத்தா?"

அதற்கு அந்த அம்மாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். சாதாரண ஆள் எப்படிச் சமைத்தார், எங்கே தூங்கினார், பிள்ளைகள் என்ன விளையாடின என்று கண்ணால் பார்க்கிற மாதிரி இடங்கள் உண்டா? வாள், சிம்மாசனம் எல்லாம் போதும்.

ஊர்சுற்றி72 · ஞாயிறு, இரவு 10:15

அக்கா, யோசிக்கவே வேண்டாம், கீழடிக்குப் போங்க. மதுரையிலிருந்து அரை மணி நேரம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், உள்ளே ஏசி உண்டு, பிள்ளைகள் சோர்ந்து போகாது.

அங்கே ராஜா என்று ஒருத்தரும் கிடையாது. தோண்டினதில் கிடைத்ததெல்லாம் வீட்டுச் சாமான்தான். நூல் நூற்கிற தக்களி, எலும்பில் சீவின கூர்முனைக் கருவி, சுடுமண் உறைகிணறு, பாசிமணி, தாயம் உருட்டுகிற பகடை. 2019-இல் வந்த அறிக்கையில் வட்டச் சில்லு மட்டும் ஏறத்தாழ 600 என்று போட்டிருந்தார்கள், ஆட்டக்காய் 80. பானை உடைந்தால் ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிச் சில்லு செய்திருக்கிறார்கள். உங்கள் சின்னவன் வயசுப் பிள்ளைகள்தான் தேய்த்திருக்கும்.

என்னை நிற்க வைத்தது கூரை ஓடு. மழைத்தண்ணி வழிய ஓட்டின் மேல் நீளப் பள்ளம் இருக்கும். அச்சில் வார்த்த பள்ளம் இல்லை. ஈர மண்ணில் விரலை அழுத்தி இழுத்தது. மேல் பக்கம் கயிறு கோத்துக் கட்ட ஓட்டை. என் விரலைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துப் பார்த்தேன், அந்தப் பள்ளத்துக்கு அளவு சரியாக இருந்தது. சுத்தி யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

(கீழடி எவ்வளவு பழசு என்ற சண்டை இந்த இழைக்கு வேண்டாம். அதற்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளலாம்.)

மிளகாய்ப்பொடி · ஞாயிறு, இரவு 10:31

சாப்பாடு என்ன சாப்பிட்டார்கள் என்று கீழடியில் தெரிகிறதா? எனக்கு அது மட்டும் சொல்லுங்கள் போதும் 😀

ஊர்சுற்றி72 · ஞாயிறு, இரவு 10:40

எலும்புத் துண்டுகளை ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, கலைமான், நீலமான், மயில் எல்லாம் இருந்தன. சிலவற்றில் வெட்டுத் தடம் உண்டு, சமைத்துத் தின்றதற்கு அடையாளம். மசாலா என்ன போட்டார்கள் என்று தெரியாது, மன்னிக்கவும்.

கணக்கப்பிள்ளை · திங்கள், காலை 6:05

சின்னவன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு முன்னால் இன்னொன்று: ஊட்டுப்புரையில் சாப்பிட்டது யார்? திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு பிராமணர்களுக்கு. ஊரில் உள்ள எல்லாருக்கும் இலை விழவில்லை. இதை அங்கே யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

நான் பொருள்களைவிடக் கணக்கை நம்புகிறவன். ஓய்வு பெற்ற பிறகு கல்வெட்டு வாசிக்கப் பழகினேன். கல்வெட்டு என்றாலே மெய்க்கீர்த்தி, போர் வெற்றி என்று நினைக்கிறோம். முதல் சில வரிகளைத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் நெல், நெய், ஆடு, கூலி.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முழுக்க விமானத்தை அண்ணாந்து பார்க்கும். வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்துக்கு வாருங்கள். ராஜராஜன் வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்களின் (கோயிலில் ஆடின பெண்கள்) பட்டியல் அங்கே இருக்கிறது. பேர் மட்டும் இல்லை. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் உண்டு. தபால்காரர் கையில் கொடுத்தால் கடிதம் போய்ச் சேரும். வருஷத்துக்கு ஆளுக்கு நூறு கலம் நெல். அதே பட்டியலில் பின்னால் வருகிறவர்களைப் பாருங்கள்: நட்டுவர், தையான், கன்னான், நாவிதர், ஈரங்கொல்லி, தண்ணீர் தெளிக்கிறவர், விளக்குப் பிடிக்கிறவர், கணக்கு எழுதுகிறவர். செத்துப்போனால் அடுத்த உறவுக்காரர் அந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஈரங்கொல்லி என்றால் சலவைக்காரர். ஆயிரம் வருஷத்துக்கு முன் துணி துவைத்தவருக்கு எத்தனை பங்கு நெல் என்று கல்லில் இருக்கிறது.

விளக்குக் கணக்கு இன்னும் அழகு. ஒரு விளக்கு நாள் தவறாமல் எரிய ஒரு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு. ஆடு இல்லாவிட்டால் 48 பசு, அல்லது 16 எருமை. இடையரிடம் ஆட்டை ஒப்படைத்துவிட்டு, "சாவா மூவாப் பேராடு" என்று ஒரு வார்த்தை. அந்த ஆடு சாகவும் கூடாது, கிழடாகவும் கூடாது. அதாவது, நோய் வந்து மந்தையில் பாதி போனாலும் நெய் வந்தாக வேண்டும். கோயிலுக்கு அது தர்மம். இடையர் வீட்டில் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்களோ!

நேரம் இருந்தால் காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல். வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. ஆதுலர் சாலை என்று ஒரு ஆஸ்பத்திரி, 15 படுக்கை. வைத்தியர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவர ஆள், மருந்து கொடுக்கப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருகிறவர். நோயாளிக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி எரிய ஒரு விளக்கு. பக்கத்திலேயே படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய். ராத்திரி விளக்கும் சனிக்கிழமை எண்ணெயும் என் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கின்றன.

நாஞ்சில்தேவி · திங்கள், காலை 7:20

ஐயா, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா! எங்கள் வீட்டில் அதற்கு இன்றைக்கும் ஒரு பெரிய போர் நடக்கிறது. பெரியவளிடம் படித்துக் காட்டினேன், "அப்பவே ஆரம்பிச்சுட்டாங்களா" என்கிறாள்.

ஒரு சந்தேகம். எனக்கு அந்த எழுத்துத் தெரியாதே. நேரில் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன கிடைக்கும்? அதற்கு வீட்டிலேயே அச்சில் வாசித்துவிடலாமே?

ஆச்சிபேத்தி · திங்கள், பகல் 11:48

கல்வெட்டு வாசிக்க முடியாதவர்கள் வீடு வாசிக்கலாம் 🙂

நான் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம். எங்கள் அப்பத்தா வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது, வருஷத்தில் முன்னோர் படைப்புக்கு மட்டும் திறப்போம். வெளியூர்க்காரர்கள் வந்தால் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முகப்பைத் தாண்டி வளவுக்கு (நடு முற்றம்) வந்து கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்வேன்.

வளவைச் சுற்றி வரிசையாக ஒரே மாதிரி அறைகள். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. எங்களில் "வேறு வைப்பது" என்று ஒரு பழக்கம். கல்யாணம் ஆனதும் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு. கூரை ஒன்று, குடும்பம் பத்து. மாமியாரும் மருமகளும் ஒரே கட்டுக்குள் (வீட்டின் ஒரு பகுதி) இருந்துகொண்டு தனித்தனியாகச் சமைப்பார்கள். கூட்டுக்குடும்பம் என்றால் ஒரே உலையில் சோறு பொங்குவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் இரண்டாம் கட்டைப் பார்க்க வேண்டும். அப்பத்தா சொல்லும்: "சண்டை போட நேரம் கிடைக்காது, அவவ அடுப்பு அவவளுக்கு."

ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போய் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். வீட்டை நடத்தியது பெண்கள். அந்த அறைக்குள் வெறும் சாமான்தான் அடைந்திருக்கும். தூங்குவது வளவுப் பத்தியில். கதவு நிலையில் லட்சுமி செதுக்கியிருப்பதைப் படம் எடுக்கிறவர்கள், அந்த நிலையின் அடியில் பாருங்கள், கால் பட்டுப் பட்டு நடுவில் மட்டும் குழிந்திருக்கும்.

கீழத்தெரு · திங்கள், மாலை 4:10

ஆச்சிபேத்தி, நீங்கள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வீடு வாசிக்கலாம் என்றால் முழுசாக வாசிக்க வேண்டும்.

அந்த வீடுகள் இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் ஒரு தெரு. என் அம்மாவைப் பெற்ற பாட்டி, ஊர் பேர் வேண்டாம், அப்படி ஒரு வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தது. நெல் அவிக்கிறது, குத்துகிறது, மாவு இடிக்கிறது. அந்த வீட்டின் முகப்பை அது பார்த்ததே இல்லை. பின்வாசல் வழியாக வரும், மூன்றாம் கட்டோடு நிற்கும், பின்வாசல் வழியாகவே போகும். கக்கூஸ் அள்ள வந்தவர் அந்த மூன்றாம் கட்டுக்கும் வர முடியாது, சந்துப் பக்கம் வெளியே இருந்தே வழித்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு அதே மாதிரி வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள், பாட்டியைக் கூட்டிப்போய் முன்வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். காபி குடித்தோம். தூணையெல்லாம் தடவிப் பார்த்தது. அப்புறம் எழுந்து நேராகப் பின்கட்டுக்கு நடந்தது. நெல் அவித்த இடத்தில் மசாஜ் செய்கிற அறை போட்டிருந்தார்கள், அடுப்பு இருந்த சுவரில் வெள்ளை டைல்ஸ். "புகை அடிச்ச கறுப்புகூட இல்லையே" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

சுற்றிக்காட்டுகிற பையனிடம் கேட்டேன். "மெயின் ஏரியா மட்டும்தான் சார் ஹெரிடேஜ், பின்னாடி எல்லாம் ரெனவேட் பண்ணது" என்றான்.

ஆச்சிபேத்தி · திங்கள், இரவு 8:55

சாயங்காலத்திலிருந்து மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. அழகுக்காக விட்டு வைக்கவில்லை, பணம் இல்லாததால் இருக்கிறது. நெல் அவிக்கிற அண்டா, குந்தாணி, உலக்கை எல்லாம் கிடக்கின்றன. அங்கே வேலை செய்தவர்களில் எனக்கு இரண்டு பேர் பேர்தான் தெரியும், அதுவும் வீட்டில் கூப்பிட்ட பேர், சொந்தப் பேர் இல்லை. அப்பத்தாவிடம் அடுத்த தடவை போகும்போது கேட்டு எழுதி வைக்கிறேன். பாட்டிக்கு வர முடியுமானால், ஓட்டல் வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வரட்டும். தனிமடலில் எழுதுங்கள்.

மிளகாய்ப்பொடி · திங்கள், இரவு 9:12

இந்த இழையில் ஜோக் அடிக்க இனி தைரியம் வரவில்லை.

கொத்தனார்மகன் · செவ்வாய், காலை 5:50

மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு வேலை. பழைய கட்டடம் பழுது பார்க்கிற இடங்களில் நானும் போய் வேலை செய்திருக்கிறேன்.

எல்லா ஊர் கைடும் முட்டை வெள்ளைக்கரு கதை சொல்லாமல் விடமாட்டார். செட்டிநாட்டுச் சுவரில் கடைசிப் பூச்சுக்கு அது உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முட்டையை ஊற்றினால் சுவர் பளபளத்துவிடாது. சுண்ணாம்பை நீற்றி நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாகப் பூச்சு. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கூழாங்கல்லால் தேய், தேய், தேய். அப்படித் தேய்த்த கை வலித்து ராத்திரி சோறு பிசைய முடியாது என்பார் எங்க தாத்தா. அந்தப் பளபளப்பு முட்டையில் பாதி, தோள்பட்டையில் பாதி.

நாஞ்சில்தேவி அக்கா கேட்டதுக்கு என் பதில்: தேய்மானத்தைப் பாருங்கள். கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடம் இருக்கும். எங்க ஊர்க் கோயில் கிணற்றில் ஒரே ஒரு பக்கம்தான் ஆழமாக அறுத்திருக்கிறது. ஏன் என்று யோசித்தேன். சாயங்காலம் அந்தப் பக்கம்தான் நிழல். படிக்கட்டில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறதோ அந்த ஓரம்தான் கைப்பிடிச் சுவர். காட்சிக்கு வைத்த அம்மியைத் தடவிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தால் அது கொத்தி ரொம்ப நாள் ஆனது. கொத்துவாயோடு சொரசொரப்பாக இருந்தால் யாரோ நேற்று வரைக்கும் அரைத்த அம்மி.

கோயில் மண்டபத்துத் தரையைக் குனிந்து பாருங்கள். ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறியிருக்கும், பள்ளாங்குழி குடைந்திருக்கும். வேலை செய்த ஆள் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கிக் கீறினதா, ஊர்ச் சோம்பேறி கீறினதா, யாருக்குத் தெரியும். சுவரில் நீளமாக ஒரு கோடு, ரெண்டு முனையிலும் குறுக்குக் கோடு போட்டிருந்தால் விடாதீர்கள். அது நிலம் அளக்கிற கோல். ஊரில் அளவில் தகராறு வந்தால் அங்கே வந்து ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடமராட்சியான் · செவ்வாய், மாலை 6:30

கொத்தனார்மகன் அண்ணை சொன்னதைப் பார்க்க எங்கட ஊர் ஞாபகம் வந்திட்டுது. பருத்தித்துறையில தெருமூடி மடம் எண்டு ஒண்டு இருக்குது. பேரிலயே இருக்கு, தெருவுக்கு மேலால கூரை. நடுவால ரோட்டு போகுது, ரெண்டு பக்கமும் கல்லுத் திண்ணை. நடந்து வாறவை வெயிலுக்கு ஏறி இருந்து இளைப்பாறிப் போறதுக்குக் கட்டினது. இண்டைக்கும் அதுக்குள்ளால மோட்டச்சைக்கிள் போகுது. டிக்கெட்டும் இல்லை, அடைக்கிற நேரமும் இல்லை.

பழைய ரோட்டுக் கரைகளில மூண்டு சாமான் ஒண்டா இருக்கும்: சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், கேணி. தலைச்சுமையை ஆரின்ர உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கி. மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல். ரெண்டுக்கும் தண்ணி குடிக்கக் கேணி. ஒருக்கா நான் அந்தச் சுமைதாங்கிக்குப் பக்கத்தில நிண்டு பார்த்தன், மேல்கல்லு சரியா என்ர தோளுக்கு வந்துது. ஆனா என்ர அம்மம்மா நிண்டால் அவவின்ர தலை உயரம். அப்ப ஆரின்ர தலைச்சுமைக்கு அளந்து கட்டினது எண்டு விளங்கிச்சுது.

அந்தக் கல்லு பலது பிள்ளைப்பேற்றில செத்த பெட்டையளின்ர நினைவா வைச்சது எண்டு சொல்லுவினம். வயித்துச் சுமையை இறக்காமல் போனவளுக்காக ஆரோ ஒருத்தரின்ர சுமையை இறக்க ஒரு கல்லு.

ஊர்சுற்றி72 · செவ்வாய், இரவு 7:02

தமிழ்நாட்டிலும் சுமைதாங்கிக் கல் உண்டு, அதே நம்பிக்கையோடு. இப்போது பெரும்பாலும் ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள், அல்லது மேலே கட்சிக் கொடி பெயின்ட்.

சென்னைப் பக்கம் முட்டுக்காடு தட்சிணசித்ராவை யாரும் சொல்லவில்லையே? 1996-இலிருந்து இருக்கிறது. பழைய வீடுகளை அக்கக்காகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அக்ரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்துக் கிறிஸ்தவர் வீடு என்று அடுத்தடுத்து. பிள்ளைகள் மண் பிசையலாம்.

கீழத்தெரு · செவ்வாய், இரவு 7:40

போயிருக்கிறேன், நல்ல இடம்தான். குயவர் வீடும் நெசவாளர் வீடும் இருப்பதே பெரிய விஷயம். ஆனால் மாட்டுச்சாணி வாசமும் இல்லை, புகையும் இல்லை, கொசுவும் இல்லை. நெசவாளர் வீட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்தேன், பத்து நிமிஷத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. அந்தப் பத்து நிமிஷத்துக்காக மறுபடியும் போவேன்.

கூரைக் குடிசை எதுவும் எங்கேயும் நிற்காது. மண்சுவரும் பனையோலையும் இரண்டு மழைக்குத் தாங்கும். தோண்டினால் கம்பு நட்ட குழி மட்டும் வட்ட வட்டமாகத் தெரியும். ஊரில் பெரும்பாலானவர்கள் குடியிருந்த வீடு இன்றைக்கு வெறும் குழி.

கணக்கப்பிள்ளை · புதன், காலை 6:20

நாஞ்சில்தேவி, உங்கள் சந்தேகத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அச்சில் வாசித்தால் போதாதா என்றீர்கள். அச்சில் எல்லா எழுத்தும் ஒரே அளவு. கல்லில் அப்படி இல்லை. இடம் பற்றாமல் வரிக் கடைசியில் எழுத்தை நெருக்கியிருப்பார், கல்லில் பொத்தல் வந்தால் தாண்டி வெட்டியிருப்பார். பத்து நிமிஷம் பார்த்தால் வெட்டினவரின் கை பிடிபட ஆரம்பிக்கும். எழுத்துத் தெரிய வேண்டாம். ஒரே ஒரு எழுத்தை மட்டும் வீட்டில் பழகிக்கொண்டு போங்கள், "க" போதும். அது இன்றைக்கும் கிட்டத்தட்ட அடையாளம் தெரியும். பிள்ளைகளைத் தேட விடுங்கள்.

காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள், உச்சி வெயிலில் எழுத்து எல்லாம் மறைந்துவிடும். நிழல் விழுந்த சுவர் என்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மஞ்சள், மாவு எதுவும் பூசாதீர்கள்.

நாஞ்சில்தேவி · சனி, இரவு 8:30

எல்லாருக்கும் நன்றி. கீழடி மே மாதம் என்று முடிவு. இன்றைக்குக் காலையில் எங்கள் ஊர்க் கோயிலுக்கே ரெண்டையும் கூட்டிப் போனேன், டார்ச்சோடு. நாற்பது வருஷமாகப் போய்வருகிற கோயில்.

"க" பதினேழு கிடைத்தது. பெரியவள் அதில் மூன்று "க" இல்லை, "த" என்கிறாள். மண்டபத்துத் தரையில் ஆடுபுலிக் கட்டம் ஒன்று இருந்தது, அதன் மேல்தான் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவர் மேஜை போட்டிருக்கிறார். கேட்டதும் அவரே மேஜையை நகர்த்திக் கொடுத்தார். "இது இங்க இருக்குன்னு எனக்கே தெரியாதும்மா" என்று அவரும் குனிந்தார். புளியங்கொட்டை இல்லாததால் டோக்கனை வைத்தே சின்னவனும் அவரும் ஒரு ஆட்டம் போட்டார்கள். செருப்பு எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொத்தனார்மகன் தம்பி, ஒரு கேள்வி. கோயில் மடப்பள்ளிப் பக்கம் ஒரு கல்தொட்டி இருக்கிறது, ஒரு பக்க விளிம்பு மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அது என்னவாக இருக்கும்? படம் நாளைக்குப் போடுகிறேன்.

கொத்தனார்மகன் · சனி, இரவு 9:05

தேய்ந்த பக்கம் மடப்பள்ளி வாசலைப் பார்த்து இருக்கிறதா, எதிர்ப்பக்கமா? உள்ளே அடியில் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறதா? அரிசி களைந்த தொட்டி என்றால் ஓட்டை இருக்கும். பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்துப் படம் எடுங்கள் அக்கா, அளவு தெரியும்.